ஏ7 மேல் ஒரு சி

மார்ச் 2, ஞாயிறு

கிட்டாரில் ப்ளூஸ் பழகுகிறேன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை. அதன் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) வடிவம் இப்போது எண்ணாமலே வருகிறது. ஏ-யை ஆதார ஸ்வரமாக வைத்துத்தான் வாசிக்கிறேன். முதல் நான்கு பார் ஏ7 கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்), அடுத்த இரண்டு டி7, மறுபடி இரண்டு ஏ7. பிறகு ஈ7, டி7, ஏ7 என்று ஒவ்வொரு பார், கடைசியில் திரும்பவும் ஈ7. துள்ளி நடக்கும் ஷஃபிள் தாளத்துக்கு ஒவ்வொரு அடியையும் ‘தகிட’ என்று மனசுக்குள் சொல்லி, நடுவில் வரும் ‘கி’யை வாசிக்காமல் விட்டால் போதும், சரியாக அமர்கிறது.

மார்ச் 5, புதன்

மூன்று கார்டுமே செவன்த், அதாவது ஏழாவது ஸ்வரமும் சேர்ந்தவை. மேற்கத்திய இசைப் பாடத்தில் ஏ7 என்றால் அடுத்து டி-க்குப் போயே ஆக வேண்டும். ஏ7-க்குள் இருக்கும் சி ஷார்ப்புக்கும் (சி-க்கு அரை ஸ்வரம் மேலே) ஜி-க்கும் இடையே மூன்று முழு ஸ்வர தூரம். சேர்ந்து ஒலித்தால் காது நிம்மதியாக இருக்காது. ப்ளூஸ்காரர்கள் அதிலேயே தொடங்கி அதிலேயே முடிக்கிறார்கள். பாட்டு முடிந்த பிறகும் ஏதோ பாக்கி இருப்பதுபோல் தோன்றுவது இதனால்தான். எனக்கு இந்த இசை பிடித்துப்போனதும் இதனால்தான்.

மார்ச் 15, சனி

இத்தனை நாளும் ஒரே ஒரு ஸ்வரத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர வரிசையில் ஏ, சி, டி, ஈ, ஜி. நம் சுத்த தன்யாசி ராகத்துக்கும் இதே இடைவெளிகள்தான். ஆனால் பின்னால் ஒலிக்கும் ஏ7-ல் இருப்பது சி இல்லை, சி ஷார்ப். இரண்டும் உரசுகின்றன. மூன்றாவது தந்தி, ஐந்தாவது ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தின் கட்டம், சி இருக்கும் இடம்) ஆள்காட்டி விரலை வைத்து, தந்தியைத் தரைப்பக்கமாக லேசாக இழுத்தால் இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கிடைக்கிறது. முழுக்க சி ஷார்ப் வரை இழுத்துவிட்டால் அந்தக் கனம் போய்விடும். பியானோவில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. சி-யைத் தட்டி உடனே சி ஷார்ப்புக்கு நழுவுகிறார்கள்.

ஐந்தாவது பாரில் டி7 வந்ததும் கதை மாறுகிறது. டி7-ன் ஏழாவது ஸ்வரமே சி. அங்கே இழுக்கக் கூடாது, நேராக வைக்க வேண்டும். அதே விரல், அதே ஃபிரெட், ஆனால் வேறு அர்த்தம். அதைக் காதால் கேட்டபோது வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மார்ச் 18, செவ்வாய்

1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில், ஒருவர் கத்தியைத் தந்திகள் மேல் அழுத்தி கிட்டார் வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். கத்திக்கு ஃபிரெட் ஒரு தடையே இல்லை. நடு ஸ்வரங்கள் எல்லாம் அதன் பாதையில்.

மார்ச் 22, சனி

ப்ளூஸ் கிட்டார் கலைஞர் பி. பி. கிங்கின் உறவினர் புக்கா வைட் ஸ்லைடு வாசித்தவர், அந்தக் கத்தியைப் போல ஒன்றைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறை. அந்த ஒலி தனக்கு ஸ்லைடில் வராததால், விரலை அதிரவைத்து அதை எட்டப் பார்த்தாராம் கிங். அவருடைய வைப்ராட்டோ (ஸ்வரத்தை அதிரவைப்பது) பிறந்த விதம் இது. 1964-ல் சிகாகோ ரீகல் தியேட்டரில் பதிவான அவர் கச்சேரியை இன்று மெதுவாக ஓடவிட்டுக் கேட்டேன். ஸ்வரத்தைத் தொட்டதும் ஆட்டுவதில்லை. ஒரு கணம் நிற்கவிட்டு, அப்புறம்தான் மணிக்கட்டை அசைக்கிறார்.

அடுத்து ஒன்பதாவது பார். ஈ7-ல் சி இல்லை, அரை ஸ்வரம் கீழே பி இருக்கிறது. பென்டடானிக்கில் அது கிடையாது. அதே தந்தியில் நான்காவது ஃபிரெட்டுக்கு இறங்கி நின்று பார்க்கப்போகிறேன்.