எந்தக் காலேஜுல போட்டிருக்கீய?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் கடையில் நாற்காலி காலியாக இருக்காது. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சின்ன ஜெராக்ஸ் கடை; ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மிஷின். இன்ஜினியரிங் கவுன்சிலிங், அரசு கலைக் கல்லூரி அப்ளிகேஷன், முதல் பட்டதாரி சர்டிபிகேட், வருமானச் சான்று என்று ஆகஸ்ட் வரைக்கும் இதே வேலைதான். எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஆனாலும் "நீங்களே போட்டு விட்டுருங்க அண்ணாச்சி, எங்கயாவது தப்பா அமுக்கிருவோம்" என்று வந்துவிடுவார்கள்.

வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் முதல் கேள்வி, "பிள்ளைக்கு மார்க்கு எவ்வளவு?" ரெண்டாவது, "எங்க போடலாம்னு இருக்கீய?" இதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் மூன்றாவது கேள்வி. பதில் பெரிய காலேஜாக இருந்தால் "எப்படிக் கெடச்சிது, யாரப் பாத்தீய" என்று பேச்சு நீளும். இல்லாவிட்டால் "ம், சரி" என்று போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். அவ்வளவுதான், எடை போட்டு முடிந்தது.

இந்த ஊருக்கு இது புதிதும் இல்லை. ஜான்ஸ் 1878, சாரா டக்கர் 1895, சேவியர்ஸ் 1923 என்று வரிசையாகக் காலேஜ் எழும்பிய ஊர். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று நாமே சொல்லிக்கொள்வோம். ஆனால் எங்கள் அப்பா காலத்தில் ஒருத்தன் காலேஜுக்குப் போகிறான் என்பதே தெருவுக்குச் செய்தி. எந்தக் காலேஜ் என்பது டீக்கடையில் பேசுகிற விஷயம், ஜான்ஸா சேவியர்ஸா என்று. இப்போது தெருவுக்கு நாலு இன்ஜினியர் ஆனபிறகு, பேரைச் சொல்லித்தான் ஆளைப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்கிற வேலை எல்.கே.ஜி.யிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மெட்ரிகுலேஷன் என்று போர்டு இருந்தால் ஒரு மரியாதை, சி.பி.எஸ்.இ. என்றால் இன்னும் கொஞ்சம் மரியாதை. சமச்சீர் கல்வி வந்து மெட்ரிக் பிள்ளைக்கும் கவர்ன்மெண்ட் ஸ்கூல் பிள்ளைக்கும் ஒரே பாடத்திட்டம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சே என்று சொன்னால், "அது சரி அண்ணாச்சி, இருந்தாலும்..." என்பார்கள். 2017-ல் பிளஸ் டூவுக்கு மாநில ரேங்க் சொல்வதையே அரசாங்கம் நிறுத்திவிட்டது. ரேங்க் போயிற்று, பிளெக்ஸ் போகவில்லை.

போன ஆவணியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மறுநாள் மத்தியானம் சொதிச் சாப்பாடு; சொதி என்றால் தேங்காய்ப்பாலில் வைக்கிற குழம்பு. சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று இலை நிறைந்துவிட்டால் எனக்கு வேறு யோசனையே வராது. அந்த நேரம் பார்த்துத்தான் அடுத்த இலையிலிருந்து, எனக்கு அண்ணி முறையாகிற மைனி ஆரம்பித்தார்கள்.

"உங்க மவ எங்க படிக்கா?"

"ராணி அண்ணால. பி.எஸ்சி. மேக்ஸ்."

"ராணி அண்ணாவா? அது கவர்ன்மெண்ட்டுல்லா? ஏன், மார்க்கு வரலியோ?"

"மார்க்கெல்லாம் வந்துது மைனி. அவதான் அங்க கேட்டா."

"சரி விடுங்க, பொம்பளப் பிள்ளைக்கு அது போதும்."

என் வீட்டுக்காரி அதுவரை தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். மைனியின் மகன் சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ். "தம்பிக்கு வருசத்துக்கு எவ்வளவு கட்டுதீய மைனி?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டாள். மைனி உடனே பரிமாறுகிறவரைத் தேட ஆரம்பித்தார்கள். "எய்யா, இங்கன கொஞ்சம் சொதி விடு."

என் மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். அதனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது; 2022 செப்டம்பரில் ஆரம்பித்த திட்டம் அது. டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அந்த ஆயிரத்தில் புஸ்தகம் வாங்குகிறாள், அம்மாவுக்கு ஒரு தடவை செருப்பு வாங்கித் தந்தாள். இதையெல்லாம் பந்தியில் சொல்ல முடியாது. சொன்னால் சமாதானம் சொல்கிறோம் என்று நினைப்பார்கள்.

கடைக்கு வருகிறேன். இன்ஜினியரிங் கட் ஆஃப் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: கணக்குக்கு 100, பிசிக்ஸுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50, மொத்தம் 200. ரேங்க் வந்ததும், நம் சுற்று வரும்போது ஆன்லைனில் காலேஜையும் கோர்ஸையும் வரிசையாகப் போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். நம் ரேங்க் வரும்போது அந்த வரிசையை மேலே இருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள், முதலில் எது காலியாக இருக்கிறதோ அது நமக்கு. ஆக, வரிசைதான் முக்கியம். அந்த வரிசையை என் கடையில் பெரும்பாலும் முடிவு பண்ணுவது பிள்ளைகள் இல்லை, பெற்றோர்களும் இல்லை. கல்யாண வீட்டில் அடுத்த இலையில் உட்காரப்போகிற யாரோ ஒருவர்.

இத்தனைக்கும் அண்ணா யுனிவர்சிட்டிக்குக் கீழே தன்னாட்சி இல்லாத காலேஜ்கள் எல்லாவற்றிலும் ஒரே சிலபஸ், செமஸ்டருக்கு ஒரே கொஸ்டின் பேப்பர். ஏ.சி. பஸ்ஸில் போனவனும் ஃபுட்போர்டில் போனவனும் அதே பேப்பரைத்தான் எழுத வேண்டும். வித்தியாசமே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாத்தியார் நிலைத்து நிற்கிற காலேஜ் உண்டு, செமஸ்டர் நடுவில் ஓடிப்போகிற காலேஜும் உண்டு. எந்தக் காலேஜில் எத்தனை சதவீதம் பாஸ் என்று யுனிவர்சிட்டியே வெளியிடுகிறது. அதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கிறவர்கள் அபூர்வம். கேட்பதெல்லாம் "பேரு உள்ள காலேஜா அண்ணாச்சி?"

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஒருத்தர் மகளோடு வந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டார். அந்தப் பக்கம் கோயம்புத்தூரிலிருந்து அவர் மச்சான் ஒவ்வொரு காலேஜ் பேராகச் சொல்ல, இவர் திருப்பி எனக்குச் சொல்ல, நான் அடிக்க வேண்டும். அந்தப் பிள்ளை கையில் நாற்பது பக்க நோட்டு. பென்சிலால் கோடு போட்டு, காலேஜ் கோடு நம்பர், கோர்ஸ், போன வருஷம் தன் கம்யூனிட்டிக்கு எந்தக் கட் ஆஃபில் முடிந்தது, வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கட்டம் கட்டமாக எழுதி வைத்திருந்தாள். வங்கியில் வேலை பார்க்கிறவர்கள் கூட இவ்வளவு சுத்தமாக எழுத மாட்டார்கள். அப்பா அந்த நோட்டைத் திறந்தே பார்க்கவில்லை.

"அப்பா, திருநெல்வேலி கவர்ன்மெண்ட் காலேஜ முதல்ல போடலாம்லா. இ.சி.இ. வரும்."

"நீ சும்மா இருட்டீ. ஊர்ல கேட்டா இங்கன திருநெல்வேலியிலதான் படிக்கான்னு சொல்லச் சொல்லுதியா? பக்கத்து வீட்டுப் பய கோயம்புத்தூர்ல படிக்கான்."

முதல் பக்கம் முழுக்கக் கோயம்புத்தூர் ஆனது. எல்லாம் அடித்து முடித்து, அப்பா வெளியே டீ குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பிள்ளை மெதுவாக, "மாமா, அது லிஸ்ட்டுல இருக்குல்லா?" என்றாள். இருந்தது, அடியில். ஸ்க்ரோல் பண்ணிக் காட்டினேன். கோடு நம்பரைத் தன் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டு டிக் போட்டுக்கொண்டாள்.

அவள் ரேங்குக்குக் கோயம்புத்தூர் எட்டவில்லை. திருநெல்வேலி கவர்ன்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜ், இ.சி.இ. அலாட்மெண்ட் வந்தது. லிஸ்ட்டில் அதற்கு மேலே போட்டது ஏதாவது கிடைக்கட்டும் என்று அவள் அப்பா அப்வேர்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை.

டி.சி., மார்க் ஷீட் ஜெராக்ஸ் எடுக்க அப்பாவும் மகளும் மறுபடி வந்தார்கள். கடையில் இன்னொரு பெற்றோர். வழக்கமான கேள்வி. நம்மாள் குரலைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார்.

"மெரிட்டு அண்ணாச்சி. கவர்ன்மெண்ட் இன்ஜினியரிங் காலேஜு. 1981-லேருந்து இருக்கு, நேத்து மொளச்சதா? கோயம்புத்தூர்லயும் கெடச்சிருக்கும். நாங்கதான் வேண்டாம்னு இத மொதல்ல போட்டோம். உங்க பையனுக்கு எங்க?"

அவர் ஒரு தனியார் காலேஜ் பேரைச் சொன்னார்.

"ஓ... காசு குடுத்தா?"

"இல்ல, கவுன்சிலிங்லதான்."

"ம், சரி."

லிஸ்ட்டை அடித்தவன் நான், அடித்த கம்ப்யூட்டருக்கு எதிரிலேயே நின்றுதான் இவ்வளவும் பேசினார். அவர் இன்னும் ஏதோ ஆரம்பிப்பதற்குள் அந்தப் பிள்ளை ஜெராக்ஸ் கட்டை வாங்கிப் பைக்குள் திணித்து, "அப்பா, போதும். பஸ்ஸு போயிரும், வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.