ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கணக்கு

பொறியியல் படிப்பது என்று முடிவெடுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. எந்தப் பிரிவு என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல், கெமிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஐந்தையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடிப்பேன். மறுநாள் அடித்ததையே திரும்ப எழுதுவேன். கேட்டவர்கள் எல்லோரும் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார்கள். அதுவும் தேவைதான். ஆனால் படிக்கிற வருடங்களில் தினமும் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறேன் என்பதை யாரும் சொல்லவில்லை.

பொறியாளராக வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் வழி சொன்னார். “முதல் வருஷ சிலபஸைப் பார்க்காதே, கணிதமும் இயற்பியலும் எல்லாப் பிரிவுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இரண்டாவது, மூன்றாவது வருஷப் புத்தகங்களை எடு. ஒவ்வொண்ணுலயும் ஒரு கணக்காவது போட்டுப் பாரு.”

வேதியியல் பிடிக்கும் என்பதால் முதலில் கெமிக்கல். திறந்தால் குழாயில் திரவம் ஓடுவதும் வெப்பம் கைமாறுவதும்தான் பக்கம் பக்கமாக வந்தன. அம்மோனியா தயாரிப்பைப் பற்றிய கணக்கு ஒன்று: நைட்ரஜனும் ஹைட்ரஜனும் ஒருமுறை கலனைக் கடக்கும்போது ஒரு பகுதிதான் அம்மோனியாவாகிறது, மிச்சத்தைப் பிரித்துத் திரும்ப உள்ளே அனுப்ப வேண்டும். எங்கே எவ்வளவு ஓடுகிறது என்பது கேள்வி. நல்ல கணக்குதான், ஆனால் நான் தேடி வந்த வேதியியல் அதில் இல்லை. பள்ளிப் பாடத்தின் பெயரை நம்பி இந்தப் பிரிவை எடுக்க நினைப்பவர்கள் அந்தப் புத்தகத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்துவிடுங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸில், அகரவரிசையில் இருக்கும் 10 லட்சம் பெயர்களில் ஒன்றைப் பாதி பாதியாக வெட்டித் தேடினால் 20 படிகள் போதும் என்பதைப் படித்ததும் துள்ளினேன். அதையே நிரலாக எழுதியபோது ஒரு சின்னப் பிழையைத் தேடி இரண்டு மாலைகள் போயின. மூன்றாவது மாலை உட்காரவே மனம் வரவில்லை. எலெக்ட்ரிக்கலில் விடைகள் சரியாக வந்தன. மின்சுற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது மட்டும் கண்முன் வரவே இல்லை. மெக்கானிக்கல் கடைசிவரை போட்டியில் இருந்தது. 600 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் இடையே ஓடும் எந்த எந்திரமும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வாங்கும் வெப்பத்தில் பாதிக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது என்பது என்னை ஒரு நாள் முழுக்க யோசிக்க வைத்தது.

அப்புறம் சிவில். உத்திரம் எவ்வளவு வளையும் என்ற கணக்கை மூன்று முறை தப்பாகப் போட்டேன், நான்காவது முறையும் ஆசையாகவே உட்கார்ந்தேன். அகலத்தை இரட்டிப்பாக்கினால் உத்திரத்தின் விறைப்பு இரு மடங்கு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. மேசையிலிருந்த அளவுகோலைப் படுக்கவைத்தும் நிறுத்திவைத்தும் வளைத்துக்கொண்டே இருந்தேன்.

அதே வாரம் 1981இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டலுக்குள் தொங்கு நடைபாதைகள் விழுந்து 114 பேர் இறந்ததைப் படித்தேன். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு நடைபாதைகள். கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி இரண்டையும் தாங்க வேண்டும் என்பது முதல் வரைபடம். பிறகு அதை இரண்டு கம்பிகளாக மாற்றி, கீழ் நடைபாதையை மேல் நடைபாதையிலிருந்தே தொங்கவிட்டிருக்கிறார்கள். தாளில் அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். மேல் நடைபாதையின் இணைப்பு தன் சுமையோடு கீழே உள்ளதன் சுமையையும் சேர்த்து, இரு மடங்கு தாங்க வேண்டியிருந்தது. நான் அப்போதுதான் கற்ற கணக்கு அது. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. இந்தக் கணக்கைச் சரியாகப் போடுகிற ஆளாக நான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

விண்ணப்பத்தில் சிவிலை முதலாவதாகவும் மெக்கானிக்கலை இரண்டாவதாகவும் எழுதினேன். சிவிலே கிடைத்தது.

இரண்டாம் வருடம் ஆய்வகத்தில் ஒரு செவ்வக எஃகுப் பட்டையைப் படுக்கவைத்து எடை தொங்கவிட்டோம். பிறகு அதைவிட இரு மடங்கு உயரமுள்ள பட்டையில் அதே எடை. அளவுமானியின் முள் முன்பு நகர்ந்ததில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் நகர்ந்தது. எடையைக் கழற்றி இன்னொருமுறை மாட்டிப் பார்த்தேன்.