பிடி குறைவு, பாரமும் குறைவு: டொயோட்டா 86 ஏன் இவ்வளவு பிடிக்கிறது

2012-ல் டொயோட்டா 86 வந்தபோது பலரும் குனிந்து பார்த்தது அதன் டயரைத்தான். 215/45 ஆர்17 அளவு, மிஷலின் பிரைமசி எச்பி. பிரியஸ் ஹைப்ரிட்டின் சில மாடல்களில் வந்த அதே ரகம். ஸ்போர்ட்ஸ் காருக்குப் போய் மைலேஜ் காரின் டயரா, செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. உண்மையில் அது தெரிந்தே செய்த தேர்வு. தலைமைப் பொறியாளர் டெட்சுயா டாடாவின் குழு இந்தக் காரில் தேடியது பிடியின் அளவை அல்ல. பிடி எந்த இடத்தில் விடுகிறது, எப்படி விடுகிறது என்பது ஓட்டுகிறவரின் கைக்கும் இடுப்புக்கும் தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

அகலமான, ஒட்டும் டயர் போட்ட காரில் பின்பக்கம் வழுக்கத் தொடங்கும்போது வேகம் ஏற்கெனவே மிக அதிகமாக இருக்கும். அங்கே தவறு செய்தால் திருத்த நேரமில்லை. 86-ல் அதே வழுக்கல் ஒரு சிறிய வளைவில், இரண்டாவது கியரில், 50, 60 கிலோமீட்டர் வேகத்திலேயே வந்துவிடும். வருவதும் மெதுவாகத்தான் வரும். ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை அப்படியே பிடித்திருந்தால் கார் தானாக நேராகும். பின்சக்கர இயக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொறுமையான ஆசிரியர் புதிய கார்களில் அரிது. ஆனால் மழையில் இதே டயர் இதே குணத்தைப் பாதி வேகத்திலேயே காட்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

இந்தக் காரின் மலிவுக்கும் சுகத்துக்கும் வேர் எடையில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஜிடி86 என்ற பெயரில் விற்ற இதே கார் சுமார் 1,240 கிலோ. ஜப்பானின் அடிமட்ட மாடல் 1,200 கிலோவுக்கும் கீழே. எடை குறைந்தால் டயர் சிறிதாக இருக்கலாம். டயர் சிறிதானால் பிரேக்கும் சிறிதாகப் போதும். பிரேக் சிறிதானால் 17 அங்குல வீலே தாராளம், அந்த அளவில் டயர் விலையும் கையைக் கடிக்காது. முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்பதால் நான்கையும் இடம் மாற்றி மாற்றித் தேய்க்கலாம். பின்னால் மட்டும் அகல டயர் வைத்த கார்களில் இந்த வசதி கிடையாது. வாங்கும் விலை ஒருமுறைதான், டயரும் பிரேக் பேடும் ஆயிலும் வருஷா வருஷம் வரும் செலவு. அமெரிக்காவில் சயான் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் 24,200 டாலருக்கு அறிமுகமான கார் இது. அதைவிட, வாங்கிய பிறகும் மலிவாகவே இருப்பதுதான் பெரிய விஷயம். (இந்தியாவில் டொயோட்டா இதை அதிகாரபூர்வமாக விற்கவில்லை.)

86 என்ற பெயர் 1983-ல் வந்த ஏஇ86 கொரோலா லெவின், ஸ்ப்ரின்டர் ட்ருனோ இரட்டையரிடமிருந்து வந்தது. ஜப்பானியர்கள் 'ஹாச்சி-ரோக்கு' என்பார்கள், எட்டு-ஆறு. ஆனால் 2012-ல் வந்த 86-ன் இதயம் சுபாருவுடையது. குன்மா மாகாணத்தில், ஓட்டா நகரில் உள்ள சுபாரு ஆலையில்தான் இதுவும் இதன் இரட்டையான சுபாரு பிஆர்இசட்டும் உருவாகின. எஃப்ஏ20 என்ற தட்டையான நான்கு சிலிண்டர் பாக்ஸர் என்ஜின், 1,998 சிசி. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86. பெயருக்குப் பொருத்தமாக அமைந்த கணக்கு. பிஸ்டன்கள் நிற்காமல் படுத்திருப்பதால் என்ஜினின் பாரம் தரைக்கு நெருக்கமாக இறங்குகிறது. வளைவில் கார் சாயும் முன்பே திரும்பிவிடுவது போன்ற அந்த உணர்வுக்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, முன்னும் பின்னும் 53-க்கு 47 என்ற எடைப் பங்கீடு.

குறையையும் சொல்ல வேண்டும். 200 பிஎஸ் பவர் 7,000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. 205 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (என்ஜினின் சுழற்றும் விசை) 6,400-ஐத் தாண்ட வேண்டும். அதற்குக் கீழே, ஏறத்தாழ 3,200-லிருந்து 4,500 வரை, டார்க் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது ஆர்பிஎம் முள் அதிகம் நிற்கும் இடமே அதுதான். அந்த நேரத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் கார் ஒரு கணம் யோசிப்பது போல் தோன்றும். இதற்கு இரண்டே வைத்தியம். ஒன்று, ஒரு கியர் இறக்கி 5,000-க்கு மேலே வைத்து ஓட்டுவது. இரண்டாவது, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுதி) மாற்றி ஈசியூவை, அதாவது என்ஜினின் கணினியை, அதற்கேற்ப ட்யூன் செய்வது. மேனிஃபோல்டையும் ட்யூனையும் சேர்த்துச் செய்தால் பள்ளம் பெரும்பாலும் நிரம்பிவிடும். மேனிஃபோல்டை மட்டும் மாற்றி ட்யூனை விட்டுவிட்டால் போட்ட காசுக்கு முழுப் பலன் வராது. முன்பக்க கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டிலேயே இருப்பதால், கன்வெர்ட்டர் இல்லாததைப் போட்டால் புகைச் சோதனையில் கார் தோற்கும். சட்டம் கடுமையான ஊரில் இருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். டர்போ போட்டுப் பவரை ஏற்ற நினைப்பவர்களுக்கு: இந்த என்ஜினில் முதலில் கைவிடுவது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுகள்.

கம்ப்ரெஷன் 12.5-க்கு 1. அதனால் உயர் ஆக்டேன் பெட்ரோல் கட்டாயம்.

கியர் அமைப்பைப் பற்றி ஒரு சிறு கணக்கு. 2017-க்கு முந்தைய மேனுவலில் இரண்டாவது கியர் விகிதம் 2.188, ஃபைனல் டிரைவ் (பின் அச்சில் உள்ள கடைசி கியர் விகிதம்) 4.1. ரெட்லைனான (என்ஜின் சுழல அனுமதிக்கும் உச்சம்) 7,400-ல் இரண்டாவது கியர் சுமார் 97 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 100-ஐத் தொட மூன்றாவது போட்டே ஆக வேண்டும். 0-100 கணக்கு 7.6 வினாடி என்று ஏட்டில் சோம்பலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் முதல் இரண்டு கியரையும் ரெட்லைன் வரை இழுத்து முழு என்ஜினையும் அனுபவித்த பிறகும் வேகம் சட்டத்துக்குள்ளேயே நிற்கும் நெடுஞ்சாலைகள் உண்டு. 400 குதிரைசக்தி காரில் இதற்கு வாய்ப்பே இல்லை. 2017 மாற்றத்தில் மேனுவலுக்கு ஃபைனல் டிரைவை 4.3 ஆக்கினார்கள், அமெரிக்க மேனுவலில் டார்க் 212 ஆனது. கொஞ்சம் துடிப்பு கூடியது, பள்ளம் போகவில்லை.

பள்ளத்தை உண்மையில் மூடியது 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறைதான், ஜிஆர்86. பிஸ்டன் தூரத்தை அதே 86-ல் வைத்துக்கொண்டு விட்டத்தை 94 ஆக்கி 2,387 சிசிக்குக் கொண்டுபோனார்கள். 235 பிஎஸ். டார்க் 250, அதுவும் 3,700 ஆர்பிஎம்மிலேயே. எடை ஜப்பான் ஆர்இசட் மாடலில் 1,270 கிலோ. பத்து வருஷத்தில் பாதுகாப்பு விதிகள் எவ்வளவு இறுகின என்பதை நினைத்தால், எடையை இந்த அளவில் நிறுத்தியதுதான் புதிய காரின் பெரிய சாதனை. 0-100 கணக்கு 6.3 ஆனது அதற்குப் பிறகுதான்.

டொயோட்டாவா சுபாருவா என்று கேட்பவர்களுக்கு: முதல் தலைமுறையின் தொடக்கக் கார்களில் பிஆர்இசட்டின் முன் ஸ்பிரிங் கடினம், பின் ஸ்பிரிங் மென்மை. 86-ல் நேரெதிர். அதனால் 86-ன் வால் சீக்கிரம் ஆடும், பிஆர்இசட் சற்று நிதானம். வேறுபாடு நுட்பமானது. பழைய கார் வாங்கும்போது பேட்ஜைவிட சர்வீஸ் ரெக்கார்டைப் பார்த்து முடிவெடுப்பதே புத்திசாலித்தனம்.

அந்த ரெக்கார்டில் முதலில் தேட வேண்டியது வால்வு ஸ்பிரிங் ரீகால். 2012, 2013 தயாரிப்புக் கார்களில் வால்வு ஸ்பிரிங் உடையக்கூடும் என்று 2018 இறுதியில் திரும்ப அழைத்தார்கள். ஸ்பிரிங் சின்னப் பொருள், ஆனால் பாக்ஸரில் அதை மாற்ற என்ஜினையே இறக்க வேண்டும். பிரித்த பாகங்களைத் திரும்ப மூடும்போது சீலன்ட்டைத் தாராளமாகப் பூசினால், பிதுங்கிய பகுதி உள்ளே உதிர்ந்து ஆயில் பாதையை அடைக்கும். பேரிங்குக்கு ஆயில் போகாது. ரீகால் வேலை முடிந்து கொஞ்ச நாளிலேயே பேரிங் போன கார்கள் பல இப்படித்தான் போனதாகச் சொல்லப்படுகிறது. ஆகவே சேஸிஸ் எண்ணை வைத்து ரீகால் முடிந்ததா என்று பாருங்கள். முடிந்திருந்தால் அதற்குப் பிறகு கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வேலை முடிந்து பல்லாயிரம் கிலோமீட்டர் சத்தமில்லாமல் ஓடிய கார், நேற்று முடித்த காரைவிட நம்பிக்கையானது.

சத்தங்களில் எது ஆபத்து, எது இல்லை என்று தெரிந்தால் பாதிப் பயம் போகும். ஐடிலில் சில்வண்டு கத்துவது போல 'கிரிச் கிரிச்' கேட்டால் அது உயர் அழுத்த ஃப்யூயல் பம்ப். பெரும்பாலும் எரிச்சல்தான், ஆபத்தில்லை. கிளட்ச்சை மிதித்ததும் மாறும் சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையது. அதை கிளட்ச் மாற்றும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். காலையில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்த கியர்பாக்ஸின் பிறவிக் குணம். சூடானதும் சரியாகும், 75டபிள்யூ-90 ஆயிலைப் புதிதாக மாற்றினால் இன்னும் இளகும் (மேனுவலுக்கு 2.2 லிட்டர்). ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாகக் கேட்டால் பேரம் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். அது கனெக்டிங் ராடின் பேரிங்.

டிஃபரென்ஷியலையும் விசாரியுங்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பாகம் அது. பெரும்பாலான மாடல்களில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலாமல் தடுக்கும் டார்சன் லிமிடெட் ஸ்லிப் உண்டு. ஜப்பானில் விற்ற சில கீழ்நிலை மாடல்களில் கிடையாது. டார்சன் இல்லாத கார் வளைவில் உள்பக்கச் சக்கரத்தைச் சும்மா சுழற்றிக்கொண்டிருக்கும், இந்தக் காரை வாங்குவதன் பாதி நோக்கமே அங்கே போய்விடும்.

பராமரிப்பில் ஆயில் மாற்றுவது சுகமான வேலை. முதல் தலைமுறைக்கு 0டபிள்யூ-20, ஃபில்டரோடு 5.4 லிட்டர். ஃபில்டர் என்ஜினின் மேல்பக்கமே இருக்கிறது, பானெட்டைத் திறந்ததும் கைக்கு எட்டும். அந்தச் சுகத்துக்கெல்லாம் சேர்த்துப் பழிவாங்குவது ஸ்பார்க் பிளக். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் பிளக்குகள் பக்கவாட்டில், சேஸிஸ் தண்டை நோக்கி இருக்கும். ஒரு பக்கம் ஏர் ஃபில்டர் பெட்டியையும் மறுபக்கம் பேட்டரியையும் எடுத்தால்தான் கையே நுழையும். காயிலைக் கழற்றிய பிறகு, எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து மாட்டிய சாக்கெட்டை உள்ளே விட இடம் இருக்காது. முதலில் சாக்கெட்டை மட்டும் குழிக்குள் தள்ள வேண்டும். பிறகு சின்ன எக்ஸ்டென்ஷனை அதில் செருகி, கடைசியில் ராட்செட். வெளியே எடுக்கும்போதும் இதே வரிசை, தலைகீழாக. புதிய பிளக்கை முதல் சில சுற்று விரலால் மட்டும் திருப்புங்கள். ஹெட் அலுமினியம், மரை கோணலாக ஏறினால் செலவு வேறு லெவல். என்ஜின் முழுதும் குளிர்ந்த பிறகே தொடங்க வேண்டும்.

டிராக்குக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முதல் செலவு பவருக்கு அல்ல, திரவங்களுக்கும் பேடுக்கும்தான். கம்பெனி பிரேக் திரவம் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சாகும். டாட் 4 ரேசிங் திரவமும் சூடு தாங்கும் பேடும் போட்டால் அதே சின்ன பிரேக் அழகாக வேலை செய்யும், ஏனென்றால் நிறுத்த வேண்டிய எடை குறைவு. எஃப்ஏ20-ல் ஆயில் சூடு வேகமாக ஏறும். வெயில் ஊரில் இருபது நிமிட ஓட்டத்துக்கே தெர்மோஸ்டாட் உள்ள ஆயில் கூலர் அவசியமாகிவிடும். ஜிஆர்86-ல் கவலை வேறு: நீண்ட வலது வளைவில் தொடர்ந்து அழுத்தி ஓட்டினால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி அழுத்தம் குறையும். டிராக் நாளில் டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்குக் கீழே ஆயில் இருக்கவே கூடாது. என்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பைத் திறக்கும் வாய்ப்பு வந்தால், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையில் சீலன்ட் துணுக்கு சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது வீல் அலைன்மென்ட். தொழிற்சாலையில் முன் கேம்பர் (சக்கரம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும் கோணம்) ஏறத்தாழ பூஜ்யம். வளைவில் முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்வதற்கும், முன்பக்கம் அகன்று ஓடுவதற்கும் இதுவே காரணம். முன் ஸ்ட்ரட்டில் கேம்பர் போல்ட் போட்டு மைனஸ் ஒன்றரை டிகிரி வைத்து, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் கோணம்) பூஜ்யமாக்கினால் மூக்கு உடனே கூர்மையாகும். சில ஆயிரம் ரூபாய்க்குச் சமமான இந்த வேலை தரும் மாற்றத்தை, பல மடங்கு விலையுள்ள எக்ஸாஸ்ட் தராது. ஒட்டும் அகல டயரை இதற்கு முன்பே போட்டுவிட்டால், அலைன்மென்ட்டின் குறை தெரியாமல் மறைந்துவிடும். கூடவே முதலில் சொன்ன அந்தப் பொறுமையான வழுக்கலும் போய்விடும்.

பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, அதை ஒத்துக்கொண்டுதான் வாங்க வேண்டும். ஆனால் அதை மடக்கினால் டிக்கியோடு சேர்ந்து தட்டையான தளமாகும். நான்கு டயர் ஏற்ற வேண்டும் என்று அளந்தே வடிவமைத்த இடம் அது. டிராக் டயரை ஏற்றிப் போய், அங்கே மாற்றி ஓட்டி, பழையதை மாட்டி வீடு திரும்பலாம். மாற்றும்போது வீல் நட்டை டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டருக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.