க்யூஎமுவில் இரண்டு பிசிஐ ரூட் பஸ்கள்

வாடிக்கையாளர் ஒருவரின் பழைய டிரைவர் இரண்டு சாக்கெட் (ப்ராசசர் பொருத்தும் இடம்) உள்ள சேர்வரில் ஒழுங்காக ஓடுமா என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படி ஒரு சேர்வர் கொழும்பில் எங்களைப் போன்ற சின்ன அலுவலகத்துக்குக் கட்டுப்படியாகாது. அதனால் வெள்ளவத்தை வீட்டில் இருந்த லாப்டொப்பில், ஒரு முழுக் கணினியை மென்பொருளாலேயே போலச் செய்யும் க்யூஎமுவிலேயே சோதித்தேன்.

க்யூஎமு போலச் செய்யும் இன்டெல் கணினி வகைகளில் ஒன்று க்யூ35. அந்த மெஷினில் தொடக்கத்தில் ஒரே ஒரு ரூட் பஸ்தான், அதாவது பிசிஐ கார்டுகள் வந்து சேரும் முதல் பாதை. கிளைப் பாதை தரும் பிரிட்ஜ் எத்தனை போட்டாலும் எல்லாம் அதன் கீழேதான் வரும். எந்த கார்ட் எந்த சாக்கெட்டுக்குப் பக்கத்தில் என்பதை அதில் காட்ட முடியாது. அதற்கென்றே க்யூஎமுவில் இருக்கும் சாதனம்தான் பிஎக்ஸ்பி-பிசிஐஇ. பஸ் இலக்கத்தையும் நூமா நோடையும் (எந்த சாக்கெட்டுக்குப் பக்கத்தில் என்று சொல்லும் எண்) கொடுத்தால் இன்னொரு ரூட் பஸ் கிடைக்கும்.

இலக்கத்தை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். பஸ் 0இன் கீழுள்ள ஒவ்வொரு ரூட் போர்ட்டும் (கார்ட் செருகும் இடம்) ஓர் இலக்கத்தையாவது எடுத்துக்கொள்ளும். புதியது அவை எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். "தம்பி, தாராளமா இடம் விட்டுப் போடும், பிறகு கார்ட் கூட்ட வேண்டி வரும்" என்றார் கூட வேலை செய்யும் அண்ணா. 128 கொடுத்தேன். அந்த பஸ்ஸில் ஒரு ரூட் போர்ட்டைச் செருகி, என்விஎம்இ டிஸ்க்கை அந்தப் போர்ட்டில் போட்டேன்.

பூட் ஆனதும், பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளை இரண்டு ரூட்களைக் காட்டியது: 0000:00, 0000:80. ஹெக்ஸில் 80 என்றால் 128. டிஸ்க் 81:00.0இல் இருந்தது. அதன் நூமா நோட் கோப்பில் 1. பஸ் 0இல் இருந்த கார்டுகளுக்கு -1. அந்த 1ஐப் பார்த்ததும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஆனால் முன்னாலுள்ள 0000ஐக் கவனியுங்கள். அதுதான் டொமைன், பஸ் இலக்கங்களின் ஒரு தனித் தொகுதி. இங்கே டொமைன் ஒன்றுதான், பஸ்ஸுக்கு 8 பிட் என்பதால் வரும் 256 இலக்கங்களை இரண்டு ரூட்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இதை முழுச் சுதந்திரம் என்று நான் சொல்லமாட்டேன். ஒழுங்கைக்கு ஒழுங்கை 12ஆம் இலக்க வீடு இருக்கும்போது, ஒழுங்கையின் பெயரைப் பார்க்காத தபால்காரர் கடிதத்தை மாறிக் கொடுத்துவிடுவார். டொமைனைப் பார்க்காத டிரைவரும் அப்படித்தான். அதைப் பிடிக்க இரண்டு டொமைன் வேண்டும்.

சரி என்று ஐபிஎம்மின் பவர் ப்ராசசர் கட்டமைப்பின் பிசீரிஸ் மெஷினுக்கு மாறினேன். அங்கே ரூட் பஸ்ஸைத் தரும் ஹோஸ்ட் பிரிட்ஜையே ஒன்றுக்கு மேல் சேர்க்கலாம். இன்டெக்ஸ் 1 கொடுத்ததும் 0001 என்று தனி டொமைன் வந்தது, அதற்கென்று ஒரு பஸ் 0உடன். கட்டளைகளை லாப்டொப்பின் ப்ராசசரிலேயே நேராக ஓட்டும் கேவிஎம், இன்டெல் லாப்டொப்பில் இதற்கு உதவாது. க்யூஎமுவின் மொழிபெயர்ப்பியான டிசிஜி ஒவ்வொரு கட்டளையையும் மாற்றித்தான் ஓட்டும். பூட் ஆவதற்குள் தேத்தண்ணி குடித்து முடித்துவிடலாம். காத்திருந்ததற்குப் பலன் இருந்தது. 0000:00:01.0, 0001:00:01.0 இரண்டிலும் ஒவ்வொரு கார்டைப் போட்டேன். டிரைவரின் அட்டவணையில் இரண்டும் ஒரே வரியில் விழுந்தன. வாடிக்கையாளருக்கு அந்த வரியை அப்படியே அனுப்பினேன்.

இதைச் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: பிஎக்ஸ்பியை ஓடும்போது செருக முடியாது. அதைத் தொடக்கக் கட்டளையிலேயே கொடுத்துவிட்டு, அதன் கீழே சில வெற்று ரூட் போர்ட்டுகளையும் விட்டு வையுங்கள். அப்புறம் டிஸ்க்கை எப்போது வேண்டுமானாலும் அவற்றில் செருகலாம்.