கார்டுக்கு ஏத்த மானிட்டர்

ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு போட்டு பிசி கட்டிய தம்பி ஒருவன், 4கே மானிட்டர் வாங்கட்டுமா அண்ணா என்று கேட்டான். வேண்டவே வேண்டாம் என்றேன். 4கே என்றால் 1080பி-யைப் (ஃபுல் எச்டி) போல நான்கு மடங்கு பிக்சல், அதாவது திரைப் புள்ளிகள். புது கேம்களில் அத்தனையையும் இழுக்க அந்தக் கார்டால் முடியாது. 24 அங்குலம், 1080பி, ஐபிஎஸ் என்ற வகைத் திரைப் பேனல், 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் புதுப்பிக்கும் வேகம்). பட்ஜெட் பிசிக்கு இதுதான் சரியான ஜோடி. இதே 1080பி-யை 27 அங்குலத்தில் வாங்கினால் எழுத்தெல்லாம் பிசிறடிக்கும்.

விஏ என்ற இன்னொரு வகைப் பேனலில் கறுப்பு அருமையாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் விலை குறைந்தவற்றில், இருட்டான காட்சியில் சட்டென்று திரும்பினால் பின்னாலேயே நிழல் இழுபடும். ஷூட்டர் கேம் ஆடுபவர்கள் யோசித்து வாங்குங்கள். பெட்டியில் போட்டிருக்கும் 1 மில்லி செகண்ட் ரெஸ்பான்ஸ் டைம் (பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம்) கணக்கை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். ஃப்ரீசிங்க் (கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டர் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி) இருக்கிறதா என்று பாருங்கள். கேமில் நொடிக்கு வரும் ஃபிரேம் 70க்கும் 100க்கும் நடுவே ஏறி இறங்கும்போது படம் கிழியாமல் காப்பாற்றுவது அதுதான்.

அப்புறம், மானிட்டர் வந்ததும் விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குள் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 144க்கு மாற்றுங்கள். பலர் வீட்டில் அது இன்னும் 60லேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கேபிளையும் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.