படிக்கிற பாப்பாவுக்கு

போன வாரம் தம்பி பேத்தி போனில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியாம், தலைப்பு 'போர்க்காலத்தில் சிறுவர்கள்'. தேடி எடுத்து வைத்திருந்ததையெல்லாம் எனக்கு வாசித்துக் காட்டினாள். அதில் ஒன்று மனதில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வருவது நின்றுபோனது. கடற்படைக்காரர்களின் மிதவைச் சட்டைக்குள் அப்போது அடைத்தது அந்தப் பஞ்சைத்தான். நம் எருக்குக்குப் பங்காளி முறையில் ஒரு செடி அங்கே வயலோரம் தானாக முளைக்கும். அதன் காயைப் பறித்து வெங்காயச் சாக்கில் கட்டிக் கொண்டுவரச் சொல்லிப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். இரண்டு மூட்டை காய் ஓர் உயிரைக் காப்பாற்றும் என்று சொல்லியே வேலை வாங்கியிருக்கிறார்கள்.

"நீங்க என்ன செஞ்சீங்க அத்தைப்பாட்டி?" என்றாள்.

எங்கள் ஊர், ஆறு மூன்றாகப் பிரிகிற நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்குத் தெற்கே, கோரையாற்றங்கரையில். கரை நெடுக எருக்குதான். அந்தப் பஞ்சை ஊதிப் பறக்கவிட்டதைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்ததில்லை.

ஆனால் பாகிஸ்தானோடு சண்டை நடந்த 1971 டிசம்பரில் நான் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் பாதுகாப்பு நிதி வசூலித்தோம். தகர டப்பாவில் துளை போட்டு, தெருத்தெருவாகக் கோஷம் போட்டுக்கொண்டு போனோம். காசு இல்லாதவர்கள் குறுவை நெல்லில் ஒரு படி, அரைப்படி அளந்து போட்டார்கள். வாய்க்கால் மதகில் கால் வழுக்கி நான் டப்பாவோடு விழுந்தேன். ஐப்பசி மழைத் தண்ணீர் வடியாத வாய்க்கால். பையன்கள் முங்கித் தடவி எடுத்தது போக மீதிச் சில்லறை இன்னும் அந்தச் சேற்றில்தான் கிடக்கும். அந்த வசூல் பற்றிச் சொல்ல அவ்வளவுதான்.

நான் உருப்படியாகச் செய்த வேலை வேறு. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்கு 'மிலிட்டரி வீடு' என்றே பெயர். அத்தானுக்குப் பட்டாளத்தில் வேலை. வீட்டில் அவருடைய அம்மாவான அத்தையும் மனைவியான அக்காவும் மட்டும், இருவருக்கும் எழுத்துத் தெரியாது. அவர்களுக்குக் கடுதாசி படிப்பதும் எழுதுவதும் நான். கூலி ஒரு பொரிவிளங்காய் உருண்டை. பல்லுக்கு வேலை வைக்கும், ஆனாலும் விடமாட்டேன்.

அத்தை சொல்லச் சொல்ல எழுதவேண்டும். சம்பா பொதிகட்டுகிறது, எருமை கன்று போட்டது, கூரையில் வடக்குப் பக்கம் ஒழுகுகிறது. இன்லண்டு கடுதாசி நிரம்பி ஓரத்தில் தலைகீழாக எழுதினாலும் அத்தைக்குச் செய்தி தீராது. அக்கா அப்போது மாசமாக இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நீயா ஏதாச்சும் எழுதும்மா" என்று மட்டும் சொல்லும். நானும் எழுதுவேன். 'அக்கா சௌக்கியம், நன்றாகச் சாப்பிடுகிறது' என்று. பத்து வயதில் வேறென்ன தோன்றும்?

விலாசத்தில் ஊர்ப் பெயரே கிடையாது. நம்பர், ரெஜிமெண்டு, கடைசியில் '56 ஏ.பி.ஓ.' என்று பட்டாளத்துத் தபாலாபீஸ் நம்பர். அத்தைக்கு அது தீராத குறை. "அம்பத்தாறுன்னா எந்தப் பக்கம்டீ? ரயில் போவுமா?"

நவம்பர் 15லிருந்து தபாலுக்கு மேல்வரியாக 5 காசு ஸ்டாம்பு வந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து ஓடிவந்த அகதிகளுக்காக. முதலில் புது ஸ்டாம்பு தயாராகவில்லை போல. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை இருக்கும் சிவப்புக் குடும்பக்கட்டுப்பாடு ஸ்டாம்பின் மேலேயே கறுப்பாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அத்தை அதை வாங்கிப் பார்த்து, "மருமவ மாசமா இருக்கா, இதையா ஒட்டி அனுப்புற?" என்று சண்டைக்கு வந்தது. நான் நடந்ததை விளக்கினேன். நம்பவில்லை.

டிசம்பர் 3 சண்டை தொடங்கியது. பஞ்சாயத்து ரேடியோவில் டெல்லிச் செய்தி கேட்டு ஓடிவந்து சொல்வதும் என் வேலையானது. ஆம்பளைகள் கூடும் இடத்துக்கு அக்கா வராது. அமிர்தசரஸ், ஸ்ரீநகர் என்று வாயில் நுழைந்ததையெல்லாம் சொல்வேன். அக்கா, "அத்தான் அங்க இருக்காதுல்ல?" என்று என்னிடமே கேட்கும். இருக்காது என்பேன். மார்கழி பிறக்கிற சமயம், 16ஆம் தேதி டாக்கா விழுந்தது. மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது. கடுதாசி மட்டும் வரவில்லை. தினமும் மதகில் உட்கார்ந்து தபால்காரர் சைக்கிளைப் பார்த்திருப்பேன்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வந்தது. திண்ணையில் அத்தை, நிலைப்படியில் அக்கா. பிரித்தேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' இருக்கவேண்டிய இடத்தில், 'படிக்கிற பாப்பாவுக்கு. இதை வாய்விட்டுப் படிக்காதே' என்று இருந்தது. அத்தான் சொல்ல, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் எழுதியது. வலது கையில் மூன்று விரல் போய்விட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை, அம்மாவிடம் நானே நேரில் வந்து சொல்லிக்கொள்கிறேன், அக்காவிடம் மட்டும் தனியாகச் சொல்.

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானாகச் சொல்ல ஆரம்பித்தேன். சௌக்கியம், குளிர் ஜாஸ்தி, எருமைக் கன்று எப்படி, கூரை மாற்றியாச்சா. அத்தை கடுதாசியை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தது.

"அவன் எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இது நெல்ல இறைச்ச மாதிரி இருக்கே?"

"பேனா வேறயா இருக்கும் அத்தை."

அத்தை ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், எப்போதும் ஒன்று கொடுப்பது, அன்றைக்கு இரண்டு உருண்டை கொடுத்தது. அக்காவிடம் சாயங்காலம் ஆற்றங்கரையில் சொன்னேன். அது அழவில்லை. எத்தனை விரல் என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

மாசியில் அத்தான் வந்தார். கையைத் துண்டால் மூடியிருந்தார். அத்தை துண்டை எடுக்கவும் இல்லை, என்ன ஏதென்று கேட்கவும் இல்லை. சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் ஊட்டியது. என் பக்கம் திரும்பி, "பேனா வேறயாம் பேனா" என்றது.

அப்புறமும் அந்த வீட்டு எழுத்து வேலை என்னிடம்தான் இருந்தது. பென்ஷன் பாரம், அதற்கு நினைவூட்டல், அந்த நினைவூட்டலுக்கு ஒரு நினைவூட்டல். எட்டாம் வகுப்பு முடிகிறவரை எழுதினேன். பிறகு அத்தானே இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். எறும்பு கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான்.