முழுவதும் படிக்கப்பட்ட ஒரு பேரேடு

வங்கியின் உள்தணிக்கைப் பிரிவில் பணியாற்றுபவருக்கு எந்த ஊரும் இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சொந்தமாவதில்லை. கிளை திறப்பதற்கு முன்பே முன்னறிவிப்பின்றிப் போய் நிற்க வேண்டும். முதலில் பெட்டகத்தின் ரொக்க இருப்பை எண்ண வேண்டும். அடுத்து நகைக்கடன் பொட்டலங்களைப் பிரித்து எடை பார்க்க வேண்டும். பிறகு கடன் ஆவணங்கள், வராக்கடன்கள், அடையாளச் சான்றுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, கடைசி நாளில் மேலாளரை எதிரில் அமர வைத்துக் குறைகளைப் படித்துக் காட்டிவிட்டு, அன்றிரவே அடுத்த ஊருக்கு ரயிலேற வேண்டும். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது. அசாமின் சிவசாகர், ஒடிசாவின் சம்பல்பூர், நாக்பூர், கட்ச் பகுதியின் புஜ் என்று நான் தங்கிய ஊர்கள் பல. அந்த ஊர்களையும் அங்கே என்னை அன்போடு நடத்திய மனிதர்களையும் இன்றும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அந்த வேலை எனக்குள் பழக்கிய ஒரு திறமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நூற்றுக்கணக்கான கோப்புகள் உள்ள அலமாரிக்கு முன்னால் நிற்கும் தணிக்கையாளர் அவற்றில் எவற்றைப் பிரித்தால் போதும் என்று அறிந்திருக்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் இறுதியில் இடர் அடிப்படையிலான உள்தணிக்கைக்கு மாறும்படி ரிசர்வ் வங்கி வழிகாட்டிய பிறகு இந்தத் திறமைக்கு மதிப்பு இன்னும் கூடியது: இடர் மிகுந்த இடத்தில் நேரத்தைச் செலவிடு, சீராக இருப்பதைக் கடந்து போ. வங்கிக்கு இது மிகச் சரியான முறை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஆனால் பல ஆண்டுகள் இப்படியே பார்த்துப் பழகிய கண், அலுவலகத்தை விட்டு வெளியே வந்த பிறகும் சீராக இருப்பதைக் கடந்துதான் போகிறது. அன்றாட வாழ்க்கையில் சீராக இருப்பவையே மிகுதி. காலைக் காபி, வாசல் கோலம், தினமும் வரும் கீரைக்காரர், மாலையில் ஏற்றும் விளக்கு ஆகிய எதிலும் இடர் இல்லை. எனவே அவற்றில் எதுவும் என் கண்ணில் தங்கவில்லை.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு ஊர்விட்டுப் போவது புதிதன்று. வெளிநாட்டுக்கு வட்டித்தொழில் செய்யப் போவதைக் கொண்டுவிக்கப் போவது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, உதவியாளரான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, கணக்கு என்னும் மூன்றாண்டுப் பணிக்காலத்தை முடித்துவிட்டு ஊருக்கு வந்து, சில காலம் இருந்துவிட்டு மறுபடியும் பர்மாவுக்கோ இலங்கைக்கோ மலேயாவுக்கோ சைகோனுக்கோ கப்பலேறிய ஆண்களின் உழைப்பில் எழுந்தவை இந்த வீடுகள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கப்பட்டபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தது என்பதிலிருந்தே, இந்தப் பகுதியின் வரவு செலவு எவ்வளவு தூரத்திலிருந்து வந்து போனது என்று தெரியும். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்தபோது கணக்குகளையும் நிலங்களையும் விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்களும், காட்டு வழியில் நடந்து வந்தவர்களும், வந்து சேராதவர்களும் எங்கள் ஊர்களில் உண்டு.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் பெல்ஜியம் கண்ணாடியையும் விரிவாக எழுதுகிறார்கள். எனக்கு நெடுநாளாக உறுத்துவது வேறொன்று. தேக்குத் தூணுக்குப் பணம் அனுப்பியவர், வீட்டின் நடுமுற்றமான வளவின் நான்கு பக்கத் தாழ்வாரங்களிலிருந்தும் மழை ஒன்றாக இறங்குவதைத் தன் வாழ்நாளில் எத்தனை ஐப்பசியில் பார்த்திருப்பார்? அந்த வீட்டில் வாழ்ந்தவர்கள் பெண்கள். தண்ணீர் பிடித்து வைத்தவர்களும், இரண்டாங்கட்டில் வற்றல் காயவைத்தவர்களும், ஓலைக் கொட்டான் முடைந்தவர்களும், பிள்ளைகளை வளர்த்தவர்களும், கோயில் படைப்புக்கு நாள் பார்த்தவர்களும் அவர்களே. எங்கள் குடும்பத்தில் வேலைக்காகப் பெட்டியோடு புறப்பட்ட முதல் பெண் நான். என் அம்மா, எங்கள் வழக்கில் ஆத்தா, வீட்டில் இருந்தார், இன்றும் இருக்கிறார்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் இருக்கும்போது மண்டல அலுவலகப் பொறுப்பை ஏற்காமல், காரைக்குடிக்கு அருகில் ஒரு கிராமக் கிளையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆத்தாவின் வயது ஒரு காரணம்; ஓர் ஊரில் ஒரு முழு ஆண்டாவது வேலை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இன்னொரு காரணம். கிளையின் வாடிக்கையாளர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: மானாவாரி நெல் போடுகிற விவசாயிகள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள், நூறு நாள் வேலைக் கூலி வாங்குபவர்கள், வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் முதியவர்கள், ஆத்தங்குடிக் கல் என்னும் பூவேலைத் தரைக்கற்களைக் கையால் செய்கிற சில பட்டறைகள்.

பட்டறை உரிமையாளர் ஒருவருக்கு நடைமுறை மூலதனக் கடன் கொடுத்திருந்தோம். மாதம் ஒரு முறை போய் இருப்பைப் பார்க்க வேண்டும். தணிக்கையாளராக இருந்திருந்தால், அடுக்கி வைத்த கற்களை எண்ணி, பட்டியலோடு ஒப்பிட்டு, அரை மணி நேரத்தில் கிளம்பியிருப்பேன். மேலாளருக்கு அடுத்த மாதமும் அதே பட்டறை, அதே மனிதர்கள். ஆகவே ஒருநாள் ஒரு கல் தொடக்கம் முதல் எப்படி உருவாகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன்.

தரையில் ஒரு கண்ணாடிப் பலகை. அதன் மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் தண்ணீராக உள்ள சிமெண்டு வண்ணக் கலவையைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று எதிர்பார்த்தேன், கலக்கவில்லை. கலவையின் பதமும் தூக்கும் கையின் நிதானமும் அவற்றை அந்தந்த இடத்தில் நிறுத்துகின்றன. உடனே உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார்கள். அது மேல் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு கெட்டியான கலவையை நிரப்பிக் கரணையால் சமன் செய்து வைத்துவிடுகிறார்கள். சூளை கிடையாது. ஒரு நாள் கழிந்தபின் நீர்த்தொட்டியில் இறக்கி, சில நாள்கள் ஊறவிட்டு எடுக்கும்போது கண்ணாடி தனியே வந்துவிடுகிறது. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் தங்கிவிடுகிறது. சிமெண்டு காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு சேர்ந்து வினைபுரிந்தே இறுகுகிறது. ஆகவே அந்தத் தொட்டி நாள்களைக் குறைக்க யாராலும் முடியாது. “தண்ணி குடிக்கிற மட்டும் குடிக்கட்டும்மா, அவசரப்பட்டா நாளைக்கு விரிசல் விடும்” என்றார் அங்கே மூத்த தொழிலாளி. போட்ட பிறகும் கல்லின் வேலை முடிவதில்லை. ஆள் நடக்க நடக்கத்தான் அதற்குப் பளபளப்பு ஏறும். எங்கள் வீட்டு முகப்பில் மூன்று தலைமுறைகளின் பாதங்கள் பட்ட கற்கள் இருக்கின்றன. யாரும் அதிகம் நடக்காத மூலையிலுள்ள கற்களோடு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்து அந்த வேறுபாட்டை நான் கவனித்தது அன்று மாலைதான்.

இதைப் பார்த்ததால் என் வேலையும் மாறியது. மார்கழியில் யாரும் புதுமனை புகுவதில்லை. மழைக்காலத்தில் கட்டடப் பணிகளும் மந்தமாகும். அதனால் டிசம்பர் மாத இருப்பு அறிக்கையில் பட்டறையின் கையிருப்பு எப்போதும் அதிகமாகத் தெரியும். தை பிறந்ததும் அது நகர்ந்துவிடும். ஒரே ஒரு டிசம்பரை மட்டும் பார்க்கிறவருக்கு அது தேக்கம். ஆண்டு முழுவதும் பக்கத்தில் இருப்பவருக்கு அது பருவம்.

கிளையில் நான் மிகவும் விரும்பிய மாதம் நவம்பர். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆயுள் சான்று கொடுக்க வரும் மாதம் அது. விரல் ரேகை வைத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் தபால் துறையிலும் ரயில்வேயிலும் வாழ்நாளைக் கழித்த அந்த முதியவர்கள் அவ்வளவு சீக்கிரம் எழுந்து போக வருவதில்லை. நாற்காலியைக் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பழைய மீட்டர் பாதை ரயிலையும் அதில் கூஜாவோடும் டிரங்குப் பெட்டியோடும் ஏறியவர்களையும் பற்றிச் சொல்வார்கள். நான் கையெழுத்திடும் வேலைகளைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்பேன். அடுத்த நவம்பரிலும் அவர் வந்து அதே கதையைச் சொல்லும்போது, போன முறை விட்டுப்போன ஒரு பெயரோ ஓர் இடமோ அதில் புதிதாகச் சேர்ந்திருக்கும். முதல் முறை மட்டும் கேட்டுவிட்டு ஊர் மாறிப் போகிறவருக்குக் கிடைக்காத இன்பம் இது என்று உறுதியாகச் சொல்வேன்.

இவை அனைத்தையும்விட என்னை மாற்றியது என் ஆத்தாவின் கணக்கு நோட்டுகள். எங்கள் வீடுகளில் செலவை எழுதாமல் படுக்கப் போகும் வழக்கம் இல்லை. என் அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, இருந்தவரை அவர் தனியாகவும் ஆத்தா தனியாகவும் எழுதினார்கள். பெட்டியில் வரிசையாக இருந்த அந்த நோட்டுகளை, கரையான் அரித்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்தேன். பழக்கத்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்தேன். பால், தேங்காய் இரண்டு, சலவை, பூ, எண்ணெய். மறுநாள் பால், கீரை, பூ. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதேதான். மாதிரி எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பேரேடு இருக்காது.

ஆனாலும் முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்கத்தான், செலவுக்கு அப்பாலும் ஆத்தா எழுதியிருப்பது தெரிந்தது. ஓரத்தில் ஒரு சொல், அல்லது இரண்டு: “நல்ல மழை.” “ஊருணி நிறைஞ்சது.” “பசு கன்று.” வரமிளகாய் விலை ஏறிய ஆண்டு அதற்குக் கீழே ஒரு கோடு. பிள்ளையார் நோன்பு அன்று, வீட்டில் இழை எடுத்துக்கொண்டவர்களின் பெயர்கள். கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் சேர்த்த நூலைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இடும் அந்த நோன்பின் பட்டியல்களில் பல ஆண்டுகள் என் பெயர் இல்லை. அதற்குப் பதிலாகத் தொலைபேசிச் செலவுக்கு எதிரே ஊர்ப் பெயர்கள் இருந்தன: நாக்பூர், சம்பல்பூர், புஜ். நான் எங்கே இருந்தேன் என்பதற்கு வங்கியிடம் பயணப்படிச் சீட்டுகள் உண்டு. நான் இல்லாதபோது வீடு எப்படி நடந்தது என்பதற்கு இந்த ஒரு ஆவணம்தான் உண்டு. எல்லா நோட்டுகளையும் படித்து முடிக்க ஒரு கோடைக்காலமும் அதற்குப் பிந்திய மழைக்காலமும் ஆயின. வரிகள் ஒன்றுபோல இருந்ததால்தான் வேறுபாடுகள் தெரிந்தன; தினமும் இரண்டாக இருந்த தேங்காய் ஒருநாள் ஐந்தானால், யார் வந்திருப்பார்கள் என்று ஆத்தாவிடம் கேட்பேன். அவருக்குப் பெரும்பாலும் நினைவிருந்தது.

நோட்டிலிருந்து அடுப்படிக்குப் போனோம். சனி ஞாயிறுகளில் இடைப்பலகாரத்தை நானே செய்கிறேன். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே உழக்கில் அரிசியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்தால் அதுவே அளவு. ஊறவைத்து, தண்ணீரை அள்ளி ஊற்றாமல் தெளித்துத் தெளித்து மைபோல அரைத்து, புளிக்கவிடாமல் உடனே ஊற்றி எடுக்க வேண்டும். ஓரம் முறுகாமல், வெள்ளை நிறம் மாறாமல், நடுவில் உப்பி வரும்போது திருப்ப வேண்டும். அந்தத் தருணத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. வரமிளகாய்த் துவையலோடு வளவுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆத்தாவும் நானும் சாப்பிடுவோம். ஆத்தா ஒவ்வொரு முறையும் குறையோ நிறையோ ஒன்றைச் சொல்வார். நான் அடுத்த வாரம் அதைச் சரிசெய்து பார்ப்பேன்.

பயணத்தைக் குறைத்தாலே மனம் நிதானப்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தும், மனத்துக்குள் அடுத்த ரயிலைத் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களை நான் அறிவேன். ஒரே மனிதரிடமும் ஒரே வேலையிடமும் திரும்பத் திரும்பப் போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். எனக்கு அந்தக் காரணத்தைப் பட்டறைக் கடனும் நவம்பர் மாதமும் ஆத்தாவின் நோட்டுகளும் கொடுத்தன.

சென்ற டிசம்பரில் எங்கள் கிளைக்குத் தணிக்கைக் குழு வந்தது. இருவரும் இளைஞர்கள், வேலையைச் சரியாகச் செய்தார்கள். பட்டறைக் கணக்கில் “மெதுவாக நகரும் இருப்பு” என்று குறிப்பெழுதினார்கள். அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன். பதிலில், முந்தைய ஆண்டுகளின் மாதவாரி இருப்பு, தொட்டியில் ஊறும் நாள்கள், மார்கழி, தை விற்பனை எல்லாவற்றையும் இணைத்து ஒரு பக்க விளக்கம் எழுதினேன். மண்டல அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டு, அந்தக் கணக்கின் ஆண்டுச் சீராய்வைப் பங்குனிக்கு மாற்றிக்கொள்ள அனுமதித்தது.